கலர் ஏத்த மாட்டேன்

கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறவருக்குப் பந்தியில் இலை போட்டுச் சாப்பாடு. அந்தப் போட்டோவைத் திருத்துகிறவளுக்கு இரண்டு வீட்டு ஏச்சும் பேச்சும். எங்கள் தொழிலின் நியாயம் இவ்வளவுதான்.

தூத்துக்குடியில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் படங்களைத் திருத்துகிறேன். ஆல்பத்துக்குப் போகிற சின்னப் படங்களை ஒருமாதிரி ஓட்டிவிடலாம். வீட்டு ஹாலில் மாட்டுவதற்கென்று ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய பிரிண்ட் கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் வம்பு தொடங்கும். முகம் நிஜ முகத்தின் அளவுக்கு வந்துவிடும். எதையும் மறைக்க முடியாது. கடல்காற்றில் நெற்றியோடு ஒட்டிக்கொண்ட முடி, வேர்வையில் வழிந்த கண்மை, மாப்பிள்ளை தாடையில் சவரம் செய்த வெட்டு, பின்னால் நின்று கொட்டாவி விடுகிற சித்தப்பா, எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். எனக்கு ஒரு கணக்கு உண்டு. நாலு நாளில் தானாகப் போய்விடுகிற எதையும் எடுப்பேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்த பருவை எடுப்பேன். பிறந்ததிலிருந்து கூடவே வருகிறதைத் தொட மாட்டேன்.

அப்படிக் கூடவே வருவதில் முதலாவது நிறம். கறுப்பாக இருக்கிற பிள்ளையைப் படத்தில் வெளுப்பாக்குவதற்கு எங்கள் பக்கத்தில் ‘கலர் ஏத்துறது’ என்று பேர். முகத்துக்குச் சொந்தக்காரர் தன் வாயால் கேட்டால் செய்வேன். மாமியார் கேட்டாலும், மாமனார் கேட்டாலும், பெற்ற தாயே கேட்டாலும் செய்ய மாட்டேன். இந்தப் பிடிவாதத்தால் என் வேலையே போகிற இடத்துக்கு வந்துவிட்டது. அதைத்தான் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டு ஹாலிலும் உங்கள் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு யாரோ ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தால், நான் படுகிற பாடு உங்களுக்கு உடனே புரியும்.

இயற்கையா இருக்கணும்

யாரும் வந்து நேராக ‘வெள்ளையாக்கு’ என்று கேட்பதில்லை. அதற்கு ஆயிரம் சுற்றுவழி வைத்திருக்கிறார்கள். ‘கொஞ்சம் பளிச்சுன்னு இருந்தா நல்லாருக்கும்’ என்பார்கள். ‘அன்னைக்கு மண்டபத்துல லைட்டு சரியில்ல’ என்பார்கள். ‘ஏம்மா, உங்க கேமரா பழசோ?’ என்று கேட்பார்கள். எங்கள் கடையில் படம் எடுக்கிற ரூபன் இதைக் கேட்டால் மூக்கு விடைத்துப் போவான். கேமரா அவனுக்குப் பெண்டாட்டி மாதிரி. அதில் குறை சொன்னால் தாங்க மாட்டான்.

நாசரேத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். மகளுக்குக் கல்யாணம் முடிந்து பெரிய பிரிண்டுக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்திருந்தார். வந்தவர் எனக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டார். ஆண்டவர் படைப்பில் எல்லா நிறமும் அழகு என்றார். மனுசனை மனுசன் நிறத்தை வைத்து மதிப்பது பாவம் என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வருசா வருசம் இதைச் சொல்லிக்கொடுத்ததாகவும் சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஆகா, நம்ம கட்சியில் ஒரு ஆள் வந்துவிட்டார் என்று சந்தோசத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னேன். அப்போ படத்தை அப்படியே விட்டுரலாம் இல்லையா சார் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா. இயற்கையாத்தான் இருக்கணும். இயற்கையா, கொஞ்சம் வெள்ளையா.”

காபி கொண்டுபோன கதை

உனக்கு ஏன் இதில் இவ்வளவு கோபம் என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. நானும் கறுப்புதான், வேறென்ன? எங்கள் வீடு ஆறுமுகநேரி. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். அந்த வெள்ளை உப்பின் மேல் அடிக்கிற வெயில் எங்கள் வீட்டில் எல்லோர் முகத்திலும் இருக்கும். எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது என் அத்தை என்னை ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தாள். படம் வந்ததும் பார்த்தால், நான் இல்லை. மூக்கு என் மூக்கு, தோடு என் தோடு, மேலே பூசியிருந்த நிறம் வேறு யாருடையதோ. எப்படி இருக்கு என்று அத்தை கேட்டாள். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டேன். அப்போது வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. புதுச்சேலை கட்டி, பூ வைத்து, காபித் தட்டை எடுத்துக்கொண்டு நான் ஹாலுக்கு வந்தேன். மாப்பிள்ளையும் அவனுடைய அம்மாவும் என்னைத் தாண்டி உள் அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட இந்த அளவுக்கு எரிந்திருக்காது. அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தப் படத்தில் என்னை என்னதான் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தொழிலையே படித்தேன். மாப்பிள்ளையின் அம்மா கெட்டவர்கள் இல்லை. தட்டை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு அன்பாகத்தான் சொன்னார்கள்:

“ஏளா, நாங்க எடுத்துக் குடிச்சிக்கிடுதோம். நீ உள்ள போயி பொண்ண வரச் சொல்லு.”

ரூபன் கைவைத்த குரூப் போட்டோ

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். கடைக்குப் போகவில்லை. நான் இல்லாத தைரியத்தில் ஒரு குடும்பம் வந்து பெண்ணுக்குக் கலர் ஏத்தச் சொல்லியிருக்கிறது. ரூபன் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை. என் நாற்காலியில் உட்கார்ந்து பெண்ணின் முகத்தை வெளுத்திருக்கிறான். முகம் வெளுத்ததும் கழுத்து தனியாகத் தெரிந்தது. கழுத்தை வெளுத்தான். காது விட்டுப்போயிற்று. காதை வெளுத்தான். பிறகு கை, அப்புறம் கால். இப்போது பெண்ணைத் தொட்டுக்கொண்டு நின்ற அம்மா இருட்டில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டார்கள். அம்மாவையும் வெளுத்தான். பிறகு அண்ணன், தம்பி, மதினி, மதினி இடுப்பில் இருந்த கைப்பிள்ளை வரைக்கும் ஒருத்தரையும் விடவில்லை.

இந்த வேலையில் இது ஒரு தொல்லை. ஒருத்தரை வெளுக்கத் தொடங்கினால் நிறுத்த இடமே கிடைக்காது. பிரிண்டு போட்டு, லேமினேஷன் செய்து, ஃப்ரேமும் அடித்து வைத்தாயிற்று. மறுநாள் நான் போனபோது படத்தை வாங்கிப்போக பெண்ணின் தாய்மாமா வந்திருந்தார். அவரும் அந்தப் படத்தில் மூன்றாவது ஆளாக நிற்கிறார். படத்தை முன்னாலும் பின்னாலும் நகர்ந்து பார்த்தார். பிறகு ரூபனிடம் மரியாதையாகவே கேட்டார்:

“தம்பி, படம் நல்லாருக்கு. இது யாரு வீட்டுக் கல்யாணம்?”

முகம் என்னுதுதான

என் சட்டத்தை எனக்கே திருப்பிக் காட்டியவளையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் சொல்வது ஒருதலைப்பட்சம் ஆகிவிடும். சாத்தான்குளத்திலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். வக்கீலுக்குப் படித்தவள். கல்யாணப் படத்தில் தனக்குக் கலர் ஏத்தித் தரச் சொன்னாள். நான் விட்டேனா? உனக்கு என்ன குறை, கண்ணு எப்படி இருக்கு பாரு, இந்த நிறத்துக்குத்தான் அரக்குச் சேலை எடுப்பா இருக்கு என்று மூச்சுவிடாமல் பேசினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, முகத்துக்குச் சொந்தக்காரர் கேட்டால் செய்வதாகக் கடைக்காரர் சொன்னாரே என்றாள். ஆமாம் என்றேன். அப்புறம் இந்தப் பேச்சு எதற்கு என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவளை ஒரு கட்சிக்கு இழுக்க நான் யார்? வாயை மூடிக்கொண்டு அவள் கேட்ட அளவுக்குச் செய்துகொடுத்தேன். ஒரு பொட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. போகும்போது சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள்:

“முகம் என்னுதுதானக்கா. உங்க கோவத்த அதுல பூசாதீங்க.”

தருவைகுளத்துப் பிள்ளை

இனி வேலை போகப் பார்த்த கதை. டவுனில் ஒரு குடும்பம். பையனுக்குக் கப்பலில் வேலை. தருவைகுளத்தில் பெண் எடுத்தார்கள். பெண்ணின் பேர் ஜெனிபா. அவளுடைய அப்பாவுக்குப் படகு இருக்கிறது. அவள் ஒரு ஐஸ் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தவள். நல்ல கறுப்பு, களையான முகம். கோயிலை விட்டு இறங்கும்போது அவள் சிரித்த சிரிப்பை ரூபன் எடுத்திருந்தான் பாருங்கள், அதில் திருத்த ஒன்றுமே இல்லை. அந்தப் படத்தைத்தான் மாமியார் பெரிய பிரிண்டுக்குத் தேர்ந்தெடுத்தார். மாடியில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்சுகிற அன்றைக்கு ஹாலில் மாட்ட வேண்டும். அதற்கடுத்த வாரம் மகன் கப்பல் ஏறுகிறான். படம் பிரமாதம், மகன் நிறத்துக்கு மருமகளைக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று சொல்லி, ஒரு பெட்டி மக்ரூனையும் என் மேஜையில் வைத்தார்.

மருமகள் சொல்லட்டும் அம்மா என்றேன். உடனே அவரே போனைப் போட்டு என் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் வீட்டு ஆட்கள் பேசுகிற சத்தம். ஜெனிபா மெதுவான குரலில், மாமி சொன்ன மாதிரியே செய்யுங்கக்கா என்றாள். என் சட்டப்படி முகத்துக்குச் சொந்தக்காரியே சொல்லியாயிற்று. அச்சடித்துவிட வேண்டியதுதானே என்று ரூபன் கண்ணால் சாடை காட்டினான். எனக்கு மனசு வரவில்லை. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். நாலுபேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, நல்லாத்தான் இருக்கு என்று சொல்கிற குரல். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் எனக்கும் அந்தப் பழைய ஸ்டூடியோக்காரனுக்கும் என்ன வித்தியாசம்? பெரிய பிரிண்டுக்கு டெஸ்ட் பிரிண்ட் போட்டுப் பார்க்க வேண்டும், பெண் நேரில் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை.

“அவ எதுக்கும்மா வரணும்? அவளத்தான் வீட்டுல தெனமும் பாக்கோமே.”

நகையைத் தொடாதே

மறுநாள் மாமியார் மட்டும் வந்தார். சரி, கண்ணால் பார்த்தாலாவது மனசு மாறட்டும் என்று, அவர் கேட்ட அளவுக்குக் கலர் ஏற்றித் திரையில் காட்டினேன். அச்சடிக்க இல்லை, காட்ட மட்டும். பெண் வெளுத்தாள். கூடவே கழுத்துச் சங்கிலி வெளிறிப்போயிற்று. தங்கமெல்லாம் கவரிங் மாதிரி ஆயிற்று. சந்தனக் கலர் பட்டு அவள் கையோடு கலந்து, சேலை எது கை எது என்று தெரியாமல் போயிற்று. பழையபடி மாற்றினேன். கறுப்புக் கழுத்தில் தங்கம் தகதகவென்று எழுந்து வந்தது. மாமியார் அதைப் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். மறுபடியும் காட்டச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம்.

நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளைக்காக இல்லாவிட்டாலும் நகைக்காகவாவது விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு திரைக்குப் பக்கத்தில் குனிந்து, சேலைக்கடையில் பார்டர் காட்டுகிற மாதிரி விரலை வைத்துக் காட்டினார்:

“நகையத் தொடாத. முகத்த மட்டும் ஏத்து. கழுத்து நகைக்குள்ளதான கெடக்கு, அத யாரு பாக்கா?”

அண்ணாச்சி சொன்னது

முடியாது என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போயிற்று. அந்த அம்மா நேராகக் கல்லாவுக்குப் போய் முறையிட்டார். எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனுசர். சண்டை மட்டும் ஆகாது. அந்தக் குடும்பத்தில் அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், அந்தத் தெருவே எங்கள் கடைக்குத்தான் வரும். ஆகையால் அவர் அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக்கொடுத்து, ஆக வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் திங்கட்கிழமை வரட்டும், உன் ஆசைக்குக் கேட்டுக்கொள் என்றார். ஆனால் அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் அன்றைக்கே நீயும் கிளம்பிவிட வேண்டும் என்றார். எங்கள் வீட்டில் இப்போது சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார் என்பதுதான் எனக்கு ஆத்திரம். பயமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சரி அண்ணாச்சி, கேட்டுக்கிடுதேன் என்று மட்டும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டார்.

“எம்மா, நீ நல்லா வேல பாக்க, இல்லங்கல. ஆனா நீ திருத்த வேண்டியது போட்டோவ. ஊரத் திருத்த நான் கட தொறக்கல.”

திங்கட்கிழமை

திங்கட்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். மாமியார் முன்னால், மகன் நடுவில், ஜெனிபா கடைசியில். நான் முகம் மட்டும் வருகிற மாதிரி இரண்டு டெஸ்ட் பிரிண்ட் போட்டு, சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். ஒன்று அவள். இன்னொன்று, வலப்பக்கத்தில், மாமியார் கேட்டது. நிஜ முகத்தின் அளவில் அதைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டான். வலப்பக்கத்தில் இருப்பது போதும், அச்சடிக்கலாம் என்றார் மாமியார். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வந்து நின்றார். நான் அந்த அம்மாவிடம், நீங்க சொல்ல வேண்டாம்மா, இது அவங்க முகம், அவங்க சொல்லட்டும் என்றேன். அண்ணாச்சி என்னை முறைத்தார். முறைக்கட்டும். இவ்வளவு தூரம் வந்தாயிற்று.

ஜெனிபாவிடம் நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. சாத்தான்குளத்துக்காரியிடம் வாங்கியதே போதும். இதில் எது வேணும், நீங்க எது சொன்னாலும் செய்வேன் என்று மட்டும் கேட்டேன். வெள்ளையைக் கேட்டிருந்தால் செய்திருப்பேன். வேலையும் தப்பியிருக்கும். அவள் வெகுநேரம் அந்த இரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு பேசியது என்னிடம் இல்லை. மாமியார் பக்கம் திரும்பித்தான் பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை:

“மாமி, இவுக கப்பலுக்குப் போயிருவாவ. படம் ஹால்ல கெடக்கும். வாரவுக முதல்ல அதப் பாப்பாவ, பொறவு என்னப் பாப்பாவ. தெனமும் அதுக்குக் கீழ நான் எப்பிடி நிக்க?”

நீயே பதில் சொல்லு

மாப்பிள்ளை போனை இறக்கிவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். அவன் சுவரில் இருந்த இரண்டையும் விட்டுவிட்டு அவளைப் பார்த்தது அப்போதுதான். அண்ணாச்சி இருமினார். ரூபன் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டான். சண்டை வந்தால் யாராவது பிடிக்க வேண்டுமே என்று நினைத்தானோ, ஓடுவதற்கோ, எனக்குத் தெரியாது. மாமியார் முகம் சிவந்துபோயிருந்தது. ஆர்டரை ரத்து செய்யப் போகிறார்கள், நம்ம கதை முடிந்தது என்றே நான் நினைத்தேன். மேஜையில் இருந்த என் டிபன் டப்பாவை எடுத்துப் பையில் வைத்தும்விட்டேன்.

அந்த அம்மா மனம் இளகிவிடவில்லை. கண் கலங்கவும் இல்லை. அப்படியெல்லாம் நடந்ததென்று நான் கதை விட மாட்டேன். கடலோரத்துக் குடும்பத்தில் மருமகள் நாலுபேர் முன்னால் வாய் திறந்துவிட்டாள். அதற்கு மேல் நடுக்கடையில் நின்று அவளோடு மல்லுக்கட்டினால் யாருக்கு அவமானம் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கு ஒரு தண்டனை கொடுக்கிற மாதிரித்தான் பேசினார். சரி, அப்படியே கிடக்கட்டும் என்றார். பால் காய்ப்புக்கு வருகிற சனம் முழுக்கக் கேட்கும், நான் ஒருத்தருக்கும் பதில் சொல்ல மாட்டேன், நீதான் சொல்ல வேண்டும் என்றார். ஜெனிபா தலையைக் குனியவில்லை.

“சொல்லுதேன் மாமி. கேக்கட்டும்.”

ஹால் சுவர்

பால் காய்ப்பு அன்று காலையில் லோடு ஆட்டோவில் படத்தை ஏற்றிக்கொண்டு நானும் ரூபனும் போனோம். சாதாரணமாக நான் மாட்டப் போவதில்லை. அன்றைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. ஆணி அடித்து, மட்டம் பார்த்து மாட்டினோம். கோயில் படியில் ஜெனிபா சிரித்துக்கொண்டு நின்றாள், அவள் நிறத்தில், அவள் கழுத்தோடும் காதோடும். மாப்பிள்ளை பக்கத்தில் கொஞ்சம் வெளுப்பாக நின்றான். இரண்டு பேரும் இரண்டு நிறத்தில் இருந்ததால் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மாமியார் அந்தச் சுவர்ப் பக்கமே வராமல் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

சனம் வரத் தொடங்கியது. முதலில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. வந்ததும் படத்தைத்தான் பார்த்தார். கேமராவில் என்ன கோளாறு, இந்தக் காலத்தில் இதையெல்லாம் கம்ப்யூட்டரில் சரி பண்ணித் தருவார்களே, நீங்க கேட்கவில்லையா என்று மாமியாரிடம் விசாரித்தார். மாமியார் சொன்னது சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. மருமகள் பக்கம் கையை மட்டும் நீட்டினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஜெனிபா கையில் பழமும் பூவும் வைத்த தட்டு. அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. நேராக வந்து படத்துக்குக் கீழேயே நின்றாள். பெரியம்மா படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. ஜெனிபாதான் பேசினாள், இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை:

“கேமராவுல கொற ஒண்ணுமில்ல பெரியம்மா. அங்கன நிக்கிறதும் நான்தான், இங்கன நிக்கிறதும் நான்தான். நல்லாப் பாத்துக்கிடுங்க.”

எனக்கு வேலை போகவில்லை. கலர் ஏத்தச் சொல்லி வருகிறவர்களிடம் ‘மாட்டோம்’ என்று சொல்லத் தனக்கு வாய் வராததால், அண்ணாச்சி இப்போது அவர்களை நேராக என் மேஜைக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்.